வளையாத இடத்தைச் சீவு

ஆம்பூர், செங்கம், ஜவ்வாது மலைச் சுற்றுவட்டாரத்தில் நடுகல் பார்த்தவர்களுக்கு வில் புதிதல்ல. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் என்று கல்லில் நிற்கும் வீரர்கள் இந்தப் பக்கம் ஏராளம். செங்கம் வட்டாரக் கற்களுக்கென்றே தமிழக அரசு தொல்லியல் துறை 1972-ல் தனிப் புத்தகம் போட்டது. ஆம்பூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ம் ஆட்சியாண்டில் மாடு கவர வந்த படையோடு மோதிச் செத்தவர்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். செத்தவன் யார், எந்த ராஜா காலம் என்றெல்லாம் கல் சொல்லும். அவன் கையிலிருந்த வில்லைச் செய்த ஆசாரி யாரென்று சொல்லாது. சண்டை போட்டவனுக்குத்தான் மரியாதை. ஆயுதம் செய்தவனை யார் கேட்டார்கள்?

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் மரவில் செய்வது கழியை வளைத்துக் கயிறு கட்டும் வேலையல்ல. வளைக்க யாராலும் முடியும். வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைய வேண்டும், அதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

ஆள் உயரத்துக்கு ஒரு காய்ந்த கட்டையை எடுத்து, நடுவில் பிடி விட்டு, இரு கைகளையும் நுனிவரை சன்னமாகச் செதுக்கிக்கொள்கிறார்கள். பிடியைச் சுவரில் அடித்த முளையில் மாட்டி, நாணைக் கயிற்றாலும் கப்பியாலும் மெல்லக் கீழே இழுத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு கை பிறை போல வளைந்திருக்கும். இன்னொன்று பலகையாய் விறைத்து நிற்கும். விறைத்த இடத்தில் பென்சிலால் கோடு. கயிற்றைத் தளர்த்தி, கோடு போட்ட இடத்தில் மட்டும் உட்பக்கம் நாலு சீவல். இழைப்புளி இதற்கு முரடு. அரமும், கடைசியில் கண்ணாடிச் சில்லும்தான் சரி. உடனே அளந்தால் மரம் பொய் சொல்லும். இருபது முப்பது தடவை லேசாக இழுத்து விட்ட பிறகுதான் சீவியதன் பலன் தெரியும். மறுபடி மாட்டு, மறுபடி பார். இழுவை ஒவ்வோர் அங்குலமாகத்தான் கூடும், 28 அங்குலம் வரும்வரை.

அதிகம் வளைகிற இடத்தைத் தொடவே கூடாது. அங்கே அரம் பட்டால் அந்த இடம் கீல் மாதிரி மடங்கி, உட்பக்க நார் நசுங்கி, ஒருநாள் படீரென்று போய்விடும். கணக்கும் ஈவிரக்கமில்லாதது. விறைப்பு அகலத்தோடு நேராகவும், கனத்தோடு மும்மடியாகவும் போகிறது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் காலி. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தோல் விளிம்பைச் சீவி மெலிசாக்குகிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும்: எடுத்ததை ஒட்ட முடியாது.

இந்த வேலை பாதியில் நின்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டும். 1991-ல் அங்கே பனியிலிருந்து வெளிப்பட்ட, ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட மனிதனின் உடலோடு, சுமார் 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில் ஒன்றும் கிடைத்தது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். வெட்டுத் தடம் அப்படியே இருக்கிறது, நாண் இல்லை. சீவி முடிப்பதற்குள் ஆளைக் கொன்றுவிட்டார்கள்.

நமக்கு யூ மரம் வேண்டாம். மூங்கில் போதும். அதன் வெளித்தோலை ஒட்டிய நார்தான் இழுவையை நன்றாகத் தாங்கும். தோலை இலக்குப் பக்கம் வைத்து, உட்பக்கத்தை மட்டும் சீவுவது பத்திரமான வழி. பீல் பழங்குடியினர் நாணையே மூங்கில் பிளாச்சில் செய்கிறார்கள். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதாக அரியன் எழுதியது இன்னும் வேடிக்கை: இந்தியக் காலாளின் வில் அவன் உயரமே இருக்குமாம், தரையில் ஊன்றி, இடது காலால் மிதித்து இழுப்பானாம்.

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கம் ஏறினால் காடுதான். அங்கே போய் மூங்கில் வெட்டிக்கொள்ளலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம். வில்லோடு வேட்டைக்கும் போக முடியாது: 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கி, கண்ணி, விஷத்தோடு வில் அம்பையும் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறது. அது சரிதான் என்பதே என் கருத்து. மலையில் மிச்சமிருக்கும் மானாவது பிழைக்கட்டும்.

வில்லுக்கு இன்று நேர்வழி விளையாட்டு. இந்தியன் ரவுண்ட் என்ற போட்டி மூங்கில் வில்லுக்காகவே நடக்கிறது; 30 மீட்டர், 50 மீட்டர். ராஜஸ்தானின் லிம்பா ராமும் ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கித்தான் ஒலிம்பிக் வரை போனார்கள். ஒலிம்பிக் ரக ரிகர்வ் வில் வாங்க லட்ச ரூபாய் யோசிக்க வேண்டும். மூங்கிலுக்கு அந்தக் கவலை இல்லை.

வேலூர், திருப்பத்தூர் மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு வில் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஊர்த் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டு, கடையில் வாங்கிய மூங்கிலில் அவர்கள் கண் முன்னால் ஒரு வில் சீவச் சொல்லுங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதனாலேயே வில் உடையலாம்.