பாண்டி நாட்டுப் பொன்னும் பாரசீகக் குதிரையும்

மதுரையிலிருந்து மேற்கே தேனி செல்லும் சாலையில் நாகமலை புதுக்கோட்டையைக் கடந்து போகிறவர்களின் கண்ணில் இரண்டு மலைகள் படாமல் இரா. ஒரு பக்கம், படுத்த பாம்பு போல நீண்டு கிடப்பது நாகமலை. மறு பக்கம், கீழக்குயில்குடிக்கு மேலே நிற்பது சமணர் மலை. மதுரையை அழிப்பதற்காகச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிய பாம்பே, சிவபெருமான் அருளால் மாண்டு நாகமலையாயிற்று என்பது திருவிளையாடற் கதை. யானைமலைக்கும் பசுமலைக்கும் இவ்வாறே கதைகள் உண்டு. சமண சைவப் பகையை நினைவூட்டும் மலைகள் ஊரைச் சுற்றிலும் நிற்கின்றன. ஆகவே பழைய மதுரையின் சரித்திரமே மதச் சண்டையின் சரித்திரம் என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் புராணம் சொல்வது ஒன்று. எதிரேயுள்ள மலையின் கல் சொல்வது மற்றொன்று. சமணர் மலையின் செட்டிப்பொடவில் அமர்ந்த கோலத்தில் ஒரு தீர்த்தங்கரர் திருவுருவம் இருக்கிறது. அதன் கீழுள்ள வட்டெழுத்துச் சாசனத்தை அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். குரண்டிப் பள்ளியைச் சேர்ந்த குணசேனதேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்னும் முனிவர், குயிற்குடி ஊராரின் பேரால் அத்திருமேனியைச் செய்வித்தார் என்பது அதன் சாரம். அரசன் பேரால் அன்று, ஊரார் பேரால் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சற்று மேலே பேச்சிப்பள்ளத்தில் உள்ள உருவங்களுள் ஒன்று, அச்சணந்தி என்னும் முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது. மலையுச்சியில் கன்னட மொழியில் ஒரு சாசனம். அது பெள்குளத்து மூலசங்கத்துத் துறவிகளைக் குறிக்கிறது.

செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள உருவங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினர் என்று கதை சொல்லும் காலமோ ஏழாம் நூற்றாண்டு. இரு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், சைவப் பாண்டியர் ஆட்சியில், தலைநகரத்துக்கு அருகிலேயே, சமணர்கள் பள்ளி அமைத்து மாணாக்கர்களுக்குப் போதித்து வந்தார்கள். யானைமலையில் 770-ஆம் ஆண்டில் பாண்டியனின் மந்திரி மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது; அதே பாறையில் அச்சணந்தி செய்வித்த சமண உருவமும் இருக்கிறது. வாதுகள் நடந்தன; வசைகளும் பாடப்பட்டன; பள்ளிகள் சில பாழாகியும் இருக்கலாம். ஆனால் அதுவே முழுச் சரித்திரம் அன்று.

செட்டிப்பொடவு என்னும் பெயரும் சுவையானது. தீர்த்தங்கரர் யார் என்பதை மறந்துவிட்ட பிற்காலத்து ஜனங்கள், அவருடைய நீண்ட காதையும் அமைதியான இருப்பையும் பார்த்து, இவர் யாரோ ஒரு செட்டியார் என்று முடிவு கட்டினார்கள். அறியாமையால் வந்த பெயர்தான். ஆயினும் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பாண்டி நாட்டு மலைக்குகைகளில் துறவிகளை முதன்முதலில் ஆதரித்தவர்களுள் வணிகர்கள் பலர். அழகர் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிச் சாசனங்களில் உப்பு வணிகனும், துணி வணிகனும், கொழு வணிகனும், மதுரைப் பொற்கொல்லனும் தங்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மாங்குளத்துக் குகையில் வெள்ளறை வணிகக் குழுவினரே காணப்படுகின்றனர். முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம் என்று சமணக் குகைகள் மேற்கு நோக்கி வரிசையாக அமைந்திருப்பதும் தற்செயல் அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகச் சேர நாட்டுக்குப் போகும் பெருவழி அது. வண்டி போன வழியிலேயே தர்மமும் போயிற்று.

பிற்காலப் பாண்டியர் நாட்களில் இவ்வணிகம் எவ்வளவு பெருகியது என்பதற்குப் பிரான்மலைச் சாசனம் ஒன்றே போதும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பல நாட்டு வணிகக் குழுவினர் அங்கே கூடி, தாங்கள் வாங்கி விற்கும் ஒவ்வொரு சரக்கின்மீதும் கோயிலுக்கென ஒரு சிறு வரியைத் தாங்களே விதித்துக் கொண்டார்கள். உப்பு, நெல், பாக்கு, மிளகு, பருத்தி, நூல் ஆகிய உள்நாட்டுச் சரக்குகளோடு சந்தனம், அகில், பன்னீர், பட்டு, கற்பூரம், யானை, குதிரை ஆகியவையும் அப்பட்டியலில் வருகின்றன. நம் காலத்து மகமைக்கு அதுவே மூதாதை. ஐந்நூற்றுவர் என்னும் குழுவினர் சுமத்திராத் தீவின் பாரூஸ் துறையில் 1088-ஆம் ஆண்டிலேயே தமிழில் கல் நாட்டியிருக்கிறார்கள். 1281-ஆம் ஆண்டில் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர், மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் நலம் வேண்டிச் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சிவனை எழுந்தருளச் செய்தார். சிவன் கோயிலுக்குப் பௌத்தச் சார்புடைய மங்கோலியன் அனுமதி தந்தான். பக்கத்திலேயே அராபியர்களின் பள்ளிவாசல்.

இலங்கையின் காலியில் 1911-ஆம் ஆண்டில் அகப்பட்ட ஒரு கல் இதனினும் வியப்பானது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவுக்காக 1409-ஆம் ஆண்டில் சீனத்தில் வெட்டப்பட்டு, கப்பலில் வந்த கல் அது. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றைக் காணிக்கை செலுத்தியதாக அக்கல் கூறுகிறது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இதைச் சமரச ஞானம் என்று நாம் சொல்ல வரவில்லை. துறைமுகத்தில் எந்தச் சாமி யாருக்குப் பெரியது என்பதை அறிந்து நடக்கும் வியாபார விவேகம் என்றே சொல்லலாம். விவேகமும் வேண்டியதுதான்.

இனி, குதிரைக் கதைக்கு வருவோம். முத்தும் துணியும் விற்ற பாண்டி நாடு பொன்னில் மிதந்தது. 1268-ஆம் ஆண்டில் பட்டமெய்திய மாறவர்மன் குலசேகரன் காலத்தில் காயல் துறை உலகப் புகழ் பெற்றது. 1292-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போவதாக எழுதியிருக்கிறார். அரசனுடைய காவல் பலமாயிருந்தது. அயல்நாட்டு வணிகன் அச்சமின்றி இறங்கினான். சோனகர் என்று நம்மவர் அழைத்த முஸ்லிம் வணிகர்கள் கடற்கரையெங்கும் குடியேறினார்கள். பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்குப் பாண்டியன் நிலம் விட்டதைத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரே சொல்லுகிறது. பள்ளிவாசலின் மானியத்தைப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்த காலம் அது!

பாண்டிய மன்னனுக்கு அராபியக் குதிரை வேண்டும். குதிரைப்படை இல்லாமல் அக்காலத்தில் எந்த ராஜ்யமும் நிற்க முடியாது. நம் நாட்டிலோ நல்ல குதிரை பிறப்பதில்லை. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார் என்று பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். நடுக்கடலில் குதிரை செத்தாலும் விலை கொடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. கணக்குப் பார்த்தால் இந்த ஓர் ஒப்பந்தத்துக்கு மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சத்து எட்டாயிரம் பொன். பாண்டி நாட்டுக்கும் குஜராத் முதலிய துறைகளுக்கும் சேர்ந்து ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் விலை கோயில் சொத்துக்களின் வருமானத்திலிருந்தும் தேவரடியார்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதென்றும் அவரே கூறுகிறார். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான், பாண்டியனிடம் மந்திரியாகி, காயல் முதலிய துறைகளின் அதிகாரத்தையும் பெற்றிருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் ராஜ்யத்தின் மந்திரி தம்பி. இதைவிடச் சௌகரியமான வியாபாரம் உலகத்தில் எங்கு நடந்திருக்கும்?

வாங்கிய குதிரைகளின் கதி என்ன? அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. இறைச்சி கலந்த சோற்றை ஊட்டினார்களாம். லாடம் அடிக்கவும் நோய்க்கு மருந்து கொடுக்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே மறுபடியும் விற்க முடியும்! யாத்திரிகர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் சரக்கைத் தந்து, தொழிலை மட்டும் மறைத்து வைக்கும் வித்தையைப் பிற்காலத்தில் மான்செஸ்டர் துணிக்காரர்களிடமும் கண்ட நமக்கு, இக்குற்றச்சாட்டு நம்பத் தகாததாகத் தோன்றவில்லை. முத்துக் குளித்தவனும் பாவு ஓட்டியவனும் சம்பாதித்த பொன், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கு அப்பால் போயிற்று. ஒரு குதிரைப் பண்ணை வைக்கவும், நாலு பேரை அராபியாவுக்கு அனுப்பித் தொழில் கற்று வரச் செய்யவும் எந்த அரசனுக்கும் தோன்றவில்லை.

பிறகு சிங்காதனச் சண்டை வந்தது. இளையவனான வீரபாண்டியனிடம் தகப்பன் பட்சம் காட்டியதால் சுந்தரபாண்டியன் 1310-ஆம் ஆண்டில் தகப்பனைக் கொன்றான் என்கிறார் வஸ்ஸாப். சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் வேட்டையாடிக் கொண்டிருந்த வேளையில், 1311-ஆம் ஆண்டு டில்லித் தளபதி மாலிக் காபூர் தெற்கே புகுந்தான். அவனுக்கு வழிகாட்டிகளைத் தந்தவன் போசள அரசன் மூன்றாம் வல்லாளன், அவன் இந்து. வீரபாண்டியனின் சேவையில் இருந்தவர்களிலோ முஸ்லிம் வீரர்களும் உண்டு. அவர்கள் பின்னர் சரணடைந்து உயிர் பெற்றார்கள் என்று படையெடுப்பைப் புகழ்ந்து பாடிய அமீர் குஸ்ருவே எழுதி வைத்திருக்கிறார். மதுரைக்கு வந்த காபூர் கண்டது வெறிச்சோடிய நகரம். அரசன் ராணிகளோடு ஓடிவிட்டான். கோயில் தீக்கிரையாயிற்று. காபூர் கொண்டு சென்ற கொள்ளையில் 512 யானைகளும் ஐயாயிரம் குதிரைகளும் இருந்தன என்பது குஸ்ருவின் கணக்கு. பாண்டி நாட்டுப் பொன்னைத் தின்ற குதிரைகள் டில்லி லாயத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்படையெடுப்பில் கோயில்கள் இடிந்ததையும் ஜனங்கள் மாண்டதையும் நாம் மறைக்கப் போவதில்லை. அதன்பின் 1335-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த மதுரைச் சுல்தான்களின் ஆட்சியும் கொடியதே. அதற்குச் சாட்சி சொல்பவர் யார்? முதல் சுல்தானின் மருமகனும், இஸ்லாமியச் சட்டத்தில் வல்ல நீதிபதியுமான இபன் பதூதா. சுல்தான் கியாசுத்தீன் கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை நேரில் கண்ட அவர், இது அருவருப்பான செயல், வேறெந்த அரசனும் இவ்வாறு செய்து நான் கேட்டதில்லை என்னும் கருத்துப்பட எழுதினார். சுல்தான் அவருக்குச் சகலையும் ஆவான். உறவும் மதமும் அவர் வாயை அடைக்கவில்லை. விஜயநகரத்துக் குமார கம்பணனின் படையெடுப்புக்குப் பின், 1378-ஆம் ஆண்டளவில் அவ்வாட்சி முடிந்தது.

அத்தோடு மதுரையில் முஸ்லிம்களின் வாழ்வும் முடிந்ததா? இல்லை. கோரிப்பாளையத்துத் தர்காவுக்குப் பழைய பாண்டியன் ஒருவன் விட்டிருந்த கிராமங்களை 1573-ஆம் ஆண்டில் வீரப்ப நாயக்கர் உறுதி செய்து கல் வெட்டிக் கொடுத்தார். சுல்தானின் கொடுமையை மறவாத ஊர்தான். ஆனால் சுல்தான் செய்ததற்குப் பக்கத்துத் தெருக்காரனிடம் கணக்குத் தீர்க்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் அடிவாரத்தில் முருகன் கோயிலும், மேலே சமணர் படுக்கைகளும், உச்சியில் சிக்கந்தர் தர்காவும் ஒரே குன்றில் அமைந்திருக்கின்றன. அக்குன்றைக் குறித்து அண்மை ஆண்டுகளில் எழுந்த வழக்குகளையும் வாதங்களையும் வாசகர்கள் அறிவார்கள். தீர்ப்பளிக்க வேண்டியவை நீதிமன்றங்கள். ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சரித்திரத்தை மேடையில் சாட்சிக்கு அழைப்பவர்கள், அதைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாதென்று நாம் கேட்டுக் கொள்கிறோம். மாலிக் காபூரைச் சொல்பவர் அவனுக்கு வழிகாட்டியவர்களையும் சொல்லட்டும். சகோதரச் சண்டையையும், கீஷ் தீவுக்கு எழுதிக் கொடுத்த குதிரை ஒப்பந்தத்தையும் சொல்லட்டும். திருப்புல்லாணிச் சுவரையும் படித்துக் காட்டட்டும்.

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்துக்கு அருகே அய்யனார் கோயில் இருக்கிறது. குயிற்குடி ஊராரின் சந்ததியார் இன்றும் அங்கே பொங்கல் வைக்கிறார்கள். கும்பிட்டு முடித்தபின் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு படியேறிச் சென்று, பொடவில் அமர்ந்திருக்கும் செட்டியாரையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.