இடது காலுக்கு ஓய்வு

2014-ம் வருஷத்தில் நமது தேசத்து மோட்டார் உலகத்தில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஜனவரியில் மாருதி 800 வண்டியின் உற்பத்தி நின்றது. மே மாதத்தில் வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டு, அம்பாஸிடர் கார் சரித்திரத்தைச் சேர்ந்ததாயிற்று. இந்த இரண்டு மரணங்களுக்கும் கண்ணீர் வடித்தவர்கள் அநேகர். ஆனால் நாம் இங்கே பேசப் போவது, இரண்டுக்கும் நடுவே பிப்ரவரியில் நிகழ்ந்த ஒரு ஜனனத்தைப் பற்றி. மாருதிக் கம்பெனியார் ‘ஸெலேரியோ’ என்ற சிறு வண்டி ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒரு வகையில் கிளட்ச் மிதி இல்லை. ஓட்டுகிறவர் கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. கியர் மாற்றாத கார்கள் இந்தியாவில் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அவற்றுக்கு விலையும் அதிகம், பெட்ரோல் தாகமும் அதிகம். இதுவோ நடுத்தரக் குடும்பத்தாருக்கு எட்டும் விலையில் வந்தது. அன்று முதல், கியர் ராடு என்னும் பழைய சிநேகிதர் நம் வீடுகளிலிருந்து மெள்ள மெள்ள விடைபெற்றுக்கொண்டு வருகிறார்.

கியர் எதற்காக என்பதை அறியாத நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்ஜின் ஒரு விசித்திரமான பிராணி. நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே இறங்கினால் அது மூச்சு விட்டுவிடும். ஆறாயிரத்துக்கு மேலே விரட்டினால் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட வேகத்தில்தான் அதற்குத் தெம்பு. ஆனால் வண்டியோ நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும், மேடு ஏற வேண்டும், பிறகு நெடுஞ்சாலையில் பறக்கவும் வேண்டும். ஆகவே எஞ்ஜினுக்கும் சக்கரத்துக்கும் மத்தியஸ்தம் செய்வதற்குப் பற்சக்கரப் பெட்டி ஒன்று தேவையாகிறது. சிறிய கார்களில் முதல் கியரில் எஞ்ஜின் சுமார் பதினான்கு, பதினைந்து சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைவு, பலம் அதிகம். டாப் கியரில் எஞ்ஜினின் நான்கு சுற்றுக்கே சக்கரத்துக்கு ஒரு சுற்று. பற்சக்கரங்களை மாற்றும்போது எஞ்ஜினைச் சற்றே பிரித்து வைத்து மறுபடியும் சேர்ப்பதுதான் கிளட்சின் வேலை. பிரிப்பது சுலபம், யாரும் செய்யலாம். சேர்த்து வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. (குடும்ப விவகாரங்களிலும் இப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கூடும்.)

இந்தப் பெட்டியை மோட்டார் காருக்குப் பொருத்தி வைத்த பெருமை பிரெஞ்சுக்காரரான எமில் லெவாஸருக்கு உரியது. 1891-ம் வருஷத்தில் பானார் லெவாஸர் கம்பெனியின் கார்களில், எஞ்ஜின் முன்னே, அதற்குப் பின் கிளட்ச், அதற்கும் பின்னே நகரும் பற்சக்கரங்கள் என்று அவர் வகுத்த ஒழுங்கைத்தான் உலகம் வெகு காலம் பின்பற்றியது. ஆனால் அந்த நாளைய கியர் மாற்றுவது ஒரு மல்யுத்தம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களின் பற்களை ஓட்டுகிறவரே காதால் கேட்டு, காலால் வேகத்தைச் சமன் செய்து, கையால் கோக்க வேண்டும். கீழ்க் கியருக்கு இறங்குவதென்றால், ஒரு தடவை கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். இவ்வளவும் ஒரு நொடியில்! தவறினால் தெருக்கோடி வரையில் கேட்கும்படி கியர் பெட்டி பல்லை நறநறவென்று கடிக்கும்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்து வைத்தவர் ஏர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்க எஞ்ஜினியர். பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன்பே சிறு கூம்புகள் உராய்ந்து இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திவிடும் ‘ஸின்க்ரோமெஷ்’ என்ற அவருடைய யுக்தி, 1928-ல் காடிலாக் கார்களில் வெளிவந்தது. கைக் கியருக்கு அவர் செய்த உபகாரம் இது. ஆனால் அதே மனிதர் அத்துடன் நிற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் அவரும் அவருடைய கூட்டத்தாரும் பாடுபட்டு, எண்ணெயின் அழுத்தத்தால் தானே கியர் மாறிக்கொள்ளும் ‘ஹைட்ரமாடிக்’ பெட்டியை உருவாக்கினார்கள். 1939-ல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க டாங்கிகள் சிலவற்றிலும் அது ஓடிற்று. கைக் கியரைச் சீராட்டி வளர்த்தவரும், பிறகு அதற்குக் குழி தோண்டியவரும் ஒருவரே என்பது மோட்டார் புராணத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

அதன் பலனை இன்று அமெரிக்காவில் காணலாம். 1980-ல்கூட அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைக் கியர் வண்டி. இப்பொழுது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். வழிப்பறி செய்ய வந்த வாலிபர்கள், பறித்த காரில் கிளட்ச் மிதியைக் கண்டு ஓட்டத் தெரியாமல் விழித்துவிட்டு, இறங்கி ஓடிப் போன செய்திகள் அந்நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருவதுண்டு. கைக் கியரில் பற்றுள்ளவர்கள் இதையும் தங்கள் கட்சிக்கு ஒரு நியாயமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நமது தேசத்தில் ஏன் இந்த மாறுதல் இவ்வளவு தாமதித்தது? ஒரே காரணந்தான்: மைலேஜ். கார் வாங்கப் போகும் இந்தியக் குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது. பழைய முறைத் தானியங்கிப் பெட்டியில் எண்ணெயைக் கலக்குவதிலேயே சக்தியில் ஒரு பகுதி வீணாகும். ஆகையால் அதை நம்மவர்கள் தொடவில்லை. ஸெலேரியோ இந்த முடிச்சை வெகு தந்திரமாக அவிழ்த்தது. அதனுள்ளே இருந்தது புதுப் பெட்டியே அல்ல. அதே பழைய கைக் கியர் பெட்டி, அதே கிளட்ச். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் மட்டும் மனிதனுடைய காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு யந்திரத்தை நியமித்தார்கள். அந்த ஏற்பாட்டை அளித்தது இத்தாலியின் மாக்னெட்டி மாரெல்லி கம்பெனி. பெட்ரோல் செலவு கூடவில்லை. கியர் மாறும்போது வண்டி சற்றே தயங்குவதால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தரம் தலையை ஆட்டுவார்கள். கச்சேரி கேட்பதுபோல் நினைத்துக்கொண்டால் அதுவும் பழகிப் போகும். ஆக, வேலையை இழந்தது கியர் அல்ல. ஓட்டுகிறவர்தான்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய அம்பாஸிடரில் கியர் ராடு ஸ்டீரிங்கின் தண்டிலே இருக்கும். பம்பாய் டாக்ஸியாக ஓடிய பிரிமியர் பத்மினியிலும் அப்படியே. முன் ஆசனம் ஒரே பலகையாக நீண்டு கிடக்கும். டிரைவரோடு இன்னும் இருவர் உட்காரலாம், குழந்தைகளானால் கணக்கே இல்லை. அந்தப் பழைய அம்பாஸிடரின் முதல் கியருக்கு ஸின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி அடியோடு நின்ற பிறகே அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டபிள் கிளட்ச் வித்தை தெரிந்திருக்க வேண்டும். எங்கே கிளட்ச் பிடிக்கும் என்பதும் வண்டிக்கு வண்டி வேறுபடும். புது வண்டியில் ஏறிய அனுபவஸ்தரான டிரைவர் முதலில் இடது காலால் அந்த இடத்தைத் தேடுவார். எஞ்ஜினின் சத்தம் ஒரு மாத்திரை தணியும். வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை நிமிரும். அதுதான் இடம். அங்கே காலை நிறுத்தினால் செங்குத்தான மேட்டிலும் வண்டி பின்வாங்காமல் நிற்கும். இந்த அரைக் கிளட்ச் வித்தையை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுத்ததில்லை. பாட்டரி செத்துவிட்டால் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சைப் படீரென்று விட்டு எஞ்ஜினை எழுப்பும் சௌகரியமும் கைக் கியர் வண்டிக்கு உண்டு.

மலைச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு நாற்பது. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே அபாயம். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கடைசியில் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலையில் ஓட்டும் டிரைவர்கள் கண்ட சூத்திரம். இரண்டாவது கியரில் எஞ்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தானியங்கி வண்டியிலும் கியரைத் தாழ்த்தி நிறுத்தி வைக்க வழி உண்டுதான். ஆனால் சமவெளியில் ஒரு நாளும் கியரைத் தொடாதவர்களுக்கு, மலைமேல் அதைத் தொட வேண்டும் என்று தோன்றுமா? இந்த விஷயத்தில் நமக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. மோட்டார்ப் பள்ளிகளில் இதைத் தனிப் பாடமாகவே வைத்தால் நல்லது.

இவ்வளவு சொல்லும் நாம் கைக் கியரின் கட்சியா என்றால், அதன் மறு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். முன்பு ஸ்கூட்டருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1972 முதல் ஓடிய பஜாஜ் சேதக்கில் கியரும் கிளட்சும் இடது கைப்பிடியில் இருந்தன. மணிக்கட்டை முறுக்கிக்கொண்டே கிளட்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டுத் தலைவர் ஓட்டுவார். மனைவி பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார். 1984-ல் கியர் மாற்ற வேண்டாத கைனடிக் ஹோண்டா வந்தது. 2001-ல் ஆக்டிவா வந்தது. நமது ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனியார் செய்த ஸ்கூட்டி, கல்லூரி மாணவிகளின் வாகனம் என்றே பெயர் எடுத்தது. பின் ஆசனத்தில் இருந்த ஸ்திரீகள் முன் ஆசனத்துக்கு வந்து, உத்தியோகத்துக்கும் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் தாங்களே போகலானார்கள். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கியர் என்னும் வேலி விழுந்தது அவற்றில் சிறியதல்ல.

காரிலும் அதே வேலிதான். மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்ஜின் நின்று, பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்துப் பிராணனை வாங்கிய ஒரு நாளோடு கார் ஓட்டுவதையே விட்டவர்கள் நம் சிநேகிதர் வீடுகளில் எத்தனை பேர்! முழங்கால் வலியுள்ள முதியவர்கள், இடது கால் ஊனமுற்றவர்கள் ஆகியோருக்குக் கிளட்ச் இல்லாத வண்டி, பிறர் தயவை எதிர்பாராமல் வெளியே போகும் சுதந்திரத்தைக் கொடுத்தது. சென்னையிலோ பெங்களூரிலோ அலுவலகம் விடும் நேரத்தில் கிளட்சை இருநூறு தடவை மிதித்தவர்களிடம் கைக் கியரின் மகிமையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஆகையால் வேலி போனதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த வேலிக்குள்ளே ஒரு தோட்டம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

தோட்டத்தின் அருமையைப் பணக்கார நாடுகள் தாமதமாக உணர்ந்தன. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியார் 2013-ல் தங்கள் பந்தய ஜாதிக் காரான 911 ஜி.டி.3-ஐத் தானியங்கிப் பெட்டியுடன் மட்டுமே வெளியிட்டார்கள். அது எந்த மனிதனையும்விட விரைவாகக் கியர் மாற்றும். ஆயினும் பழைய வாடிக்கைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2016-ல் கைக் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 வண்டிகள் மாத்திரம் செய்தார்கள். கைமாறும்போது அதன் விலை ஆகாயத்தில் ஏறிற்று. மறு வருஷமே ஜி.டி.3-க்கும் கைக் கியர் திரும்பி வந்தது. மெதுவாக ஓடும் வண்டிக்கு அதிக விலை கொடுக்க மனிதர் முன்வருவது வேறெந்த வியாபாரத்தில் உண்டு? எல்லோரும் அப்படித் திரும்பிவிடவில்லை. 1976-லிருந்து கைக் கியரால் பேர் வாங்கிய ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., 2024-ல் வந்த புது மாதிரியில் அதை அடியோடு விட்டுவிட்டது.

நமது நாட்டில் இன்னும் கைக் கியர் வண்டிகளே பெரும்பான்மை. ஆயினும் மின்சாரக் கார் வருகிறதே, அது இந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிடும். மின்சார மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுப் பலத்துடன் இழுக்கும். நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேலும் அலுக்காமல் சுற்றும். மத்தியஸ்தர் எதற்கு? பெரும்பாலான மின்சாரக் கார்களில் ஒரே ஒரு விகிதந்தான். சேதக் என்ற அருமையான பெயரே 2019-ல் மறுபடியும் உயிர் பெற்று, கியரில்லாத மின்சார ஸ்கூட்டராகத் தெருவில் ஓடுகிறது. பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் வீதியை விட்டு விலகின.

அதே 2023-ல் கொரியா தேசத்து ஹ்யுண்டாய் கம்பெனியார், நமது ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருப்பவர்களே, ‘ஐயோனிக் 5 என்’ என்ற மின்சாரக் கார் ஒன்றைக் காட்டினார்கள். அதில் கியரே இல்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டுக் கியர் இருப்பதுபோல் அது பாவனை செய்யும். ஸ்டீரிங்குக்குப் பின்னால் உள்ள தகட்டை விரலால் தட்டினால், கியர் விழுந்த மாதிரி ஓர் உதறல் உதறும். ஒலிபெருக்கியிலிருந்து எஞ்ஜின் உறுமுவதுபோல் சத்தம் வரும். மேல் கியருக்கு மாற்ற மறந்தால், இதற்கு மேல் முடியாது என்று வேகம் ஏறாமல் முரண்டு பிடிக்கும். பொத்தானை அணைத்தால் எல்லாம் மாயமாய் மறைந்து, கார் மௌனமாய்ப் போகும். கிளட்ச் மிதி மட்டும் அதில் இல்லை. இடது காலுக்கு ஒரு பாவனை வேலைகூட அவர்கள் கொடுக்கவில்லை.