210 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி

கப்பல் கட்டுவோர் இன்றும் கையாளும் ஒரு கணக்கு, கடலைவிட்டு வெகு உயரத்தில், ஆண்டிஸ் மலையில் உருவானது. பூமியின் வடிவத்தை அளக்க 1735இல் பிரான்ஸிலிருந்து கிளம்பிய குழுவில் பியர் பூகே இருந்தார். அளவை வேலைக்கிடையே அங்கேயே கப்பல்களைப் பற்றியும் எழுதினார். 1746இல் பாரிஸில் வெளியான அந்த நூல்தான் மெட்டாசென்டர் என்ற கற்பனைப் புள்ளியை உலகுக்குத் தந்தது.

கப்பல் லேசாகச் சாய்ந்தால், தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறும்; தண்ணீர் அதைத் தாங்கும் விசையின் இடமும் நகரும். அந்த விசையின் கோட்டை மேலே நீட்டினால் கப்பலின் நடுக்கோட்டை எங்கு வெட்டுகிறதோ அதுவே மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை கப்பல் தானே நிமிர்ந்துகொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே கப்பலுக்கு இரண்டு மெட்டாசென்டர்கள். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு பெட்டி மிதவை, 4 மீட்டர் ஆழம் அமிழ்ந்து கடலில் நிற்கிறது என்று வையுங்கள். எடை 8,200 டன். பக்கவாட்டில் சாய்வதற்கான புள்ளி அடித்தட்டிலிருந்து சுமார் 10 மீட்டரில். முன்பின்னாகச் சாய்வதற்கானதோ 210 மீட்டரில், வெறும் ஆகாயத்தில்!

ஈர்ப்பு மையம் 6 மீட்டரில் என்றால், முன்பின் புள்ளி அதற்கு 204 மீட்டர் மேலே. இப்போது 100 டன் சரக்கை அணியத்தை (முன்முனையை) நோக்கி 10 மீட்டர் நகர்த்துகிறோம். 1,000 டன்-மீட்டர் திருப்புதிறன். அதை 8,200ஆலும் 204ஆலும் வகுத்தால் சுமார் 0.0006, கோணத்தில் 0.034 டிகிரி. அதே சரக்கை அதே தூரம் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் 1.6 டிகிரி சாய்ந்திருக்கும். ஈர்ப்பு மையத்தின் உயரத்தில் அரை மீட்டர் பிசகினால் பக்கச் சாய்வுக் கணக்கு நன்றாகவே கெடும். 204 மீட்டருக்கு முன் அந்த அரை மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

0.034 டிகிரியை எந்தக் கண்ணும் காணாது. ஆனால் 100 மீட்டர் நீளத்தில் அது 6 சென்டிமீட்டர்: அணியம் 3 அமிழ, பின்புறம் 3 எழும். இந்த மிதவை 1 சென்டிமீட்டர் அமிழ 20.5 டன் ஏற்ற வேண்டும். அணியத்தில் வரைந்த ஆழக் குறியை மட்டும் படித்துவிட்டு வருபவரின் கணக்கில், ஏற்றாத 60 டன் சரக்கு ஏறியிருக்கும்.