பித்தப்பை ரண சிகிச்சையும் வயிற்றில் ஏற்றும் வாயுவும்

கல்கத்தாவில் வாழும் நம்மவர் குடும்பங்களில் ‘பித்தப்பையில் கல்’ என்ற சொல்லைக் கேளாத வீடு அருமை. கங்கைக் கரை நெடுக இந்நோய் மிகுதி. ரயில்வே டாக்டராக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களையே ஆராய்ந்து 1968-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்திய ஊழியரைக் காட்டிலும் வட இந்திய ஊழியரிடையே பித்தப்பைக் கல் ஏழு மடங்கு அதிகம் என்பது அதன் முடிவு. உணவே காரணம் என்று அவர் கருதினார். அது எவ்வாறாயினும், கல் தொல்லை தரத் தொடங்கிவிட்டால் பித்தப்பையை எடுத்துவிடுவதே நிலையான பரிகாரம்.

முன்னாளில் இதற்கு வயிற்றை நீளமாகக் கீற வேண்டியிருந்தது. ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் 1985-இல் சிறு துவாரத்தின் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1987-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிலிப் மூரே, காமிராவின் துணையுடன் அதையே செய்தார். நம் நாட்டில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹெம்தன் உத்வாடியா 1990-இல் இதைத் தொடங்கி வைத்தார். இன்று மூன்று நான்கு சிறு துவாரங்களுடன் காரியம் முடிந்து, பலர் இரண்டொரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

தழும்பு சிறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வயிற்றினுள் ஏற்றப்படும் வாயுவைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வயிற்றுச் சுவரும் உள்ளுறுப்புக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை. இடைவெளி இல்லாத இடத்தில் காமிராவுக்கு என்ன தெரியும்? எனவே வாயுவை ஏற்றிச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். இதற்குப் பல இடங்களில் பயன்படும் ஊசி ஹங்கேரி நாட்டு டாக்டர் வெரெஷ் என்பவர் 1930-களில், காச நோயாளிகளின் மார்பில் காற்றேற்றும் பொருட்டு அமைத்தது. ஏற்றுவது கரியமில வாயு. அது தீப்பற்றாது, ஆகவே உள்ளே மின்சாரத்தால் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கலாம். இரத்தத்தில் விரைவாகக் கரைந்து, மூச்சுடன் வெளியேறியும் விடும்.

வழக்கமாக வைக்கும் அழுத்தம் பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர். ரயில் வண்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் வைக்கிறோம்; வயிற்றில் வைப்பது அதில் இருநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சொற்பமான அழுத்தம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாளத்தின் இயல்பான அழுத்தமே 5 முதல் 10 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து அதனினும் மிகுந்த அழுத்தம் அமுக்கினால் நாளம் நெருக்கப்பட்டு, கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வாயுவை வெளியேற்றியதும் இரத்தம் ஒரேயடியாய்த் திரும்பப் பாய்கிறது. பட்டினி கிடந்த திசுக்களில் பிராண வாயு திடீரென்று வந்து சேரும்போது, அதிலிருந்து பிறக்கும் சில தீவிரமான அணுக்கூட்டங்கள் உயிரணுக்களின் மெல்லிய உறையைத் தாக்குகின்றன. ஆக, இரத்தம் குறைந்ததால் ஒரு சேதம், மீண்டதால் மற்றொரு சேதம்! அது போதாதென்று, குளிர்ந்து உலர்ந்த வாயு வயிற்றின் உட்சவ்வையும் வறளச் செய்கிறது.

ரண சிகிச்சைக்கு மறுநாள் இரத்தத்தைச் சோதித்தால் கல்லீரல் என்ஸைம்கள் சற்று உயர்ந்திருப்பது இதனால்தான். ஆரோக்கியமானவர்க்குச் சில நாட்களில் அவை தாமே தணிந்துவிடும், அஞ்ச வேண்டியதில்லை. இருதய நோய், ஆஸ்த்மா, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சுருக்கம் உடையவர்களுக்கும் முதியோருக்கும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் அழுத்தத்தைக் குறைத்தாலென்ன? லண்டனில் குறிஞ்சி செல்வன் குருசாமி (பெயரே தமிழ் பேசுகிறது) முதலானோர் 21 பரிசோதனைகளைத் தொகுத்து 2014-இல் ஆராய்ந்தனர். குறைந்த அழுத்தத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சிகிச்சையை முடிக்க முடிகிறது. எனினும் அது முற்றிலும் பாதுகாப்பானது என்று நிலைநாட்டப் போதிய சான்று இல்லை என்றே அவர்கள் எழுதினார்கள். அழுத்தம் குறைந்தால் இடமும் பார்வையும் குறுகும். பார்வை குறுகிப் பித்தநாளத்தைத் தவறுதலாய் வெட்டிவிட்டால், அந்தத் தீங்கின் முன் என்ஸைம் உயர்வு ஒரு பொருட்டேயல்ல. ஆகவே, தெளிவாகக் காண்பதற்குப் போதுமான அளவே அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த எண்ணை நாம் டாக்டருக்குக் கட்டளையிட முடியாது. நம் உடலின் பழைய கதையை ஒளிக்காமல் அவரிடம் சொல்லலாம்; சொல்லியே தீரவேண்டும். ஆஸ்த்மாவைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று மறைப்பவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று, தோள்வலி. என் அலுவலக நண்பர் ஒருவரின் மனைவியார் வீடு திரும்பிய இரவில் வலத் தோளில் குத்தல் கண்டு, மாரடைப்போ என்று வீடே கலங்கிப் போயிற்று. எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்பும் கழுத்துத் தண்டில் ஒரே இடத்தில் புறப்படுவதால் வலி தோளில் தெரிகிறது. மெல்ல எழுந்து நடமாடினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். அழுத்தம் குறைவாக வைத்தவர்களுக்கு இவ்வலியும் குறைவு. ஆயினும் மூச்சுத் திணறலோ வியர்வையோ சேர்ந்து மார்பு வலித்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வீடு வந்த பின் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி — இவற்றில் ஒன்று கண்டாலும், ‘வாயுதானே, ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இருந்துவிடலாகாது. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, சிகிச்சை செய்த டாக்டரிடம் அன்றே போகவேண்டும்.