பட்டமா? ஆட்டமா?

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானம். மாலை 5 மணி.

வெயில் தாழ்ந்துவிட்டது. ஓட்டப் பாதையில் சிறுமிகள் ஓடுகிறார்கள். ஒரு மூலையில் கபடி நடக்கிறது. அந்தக் காலத்தில் இதைச் சடுகுடு என்பார்கள்.

வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. கையில் மஞ்சள் பை. வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிறவர்.

அவருடைய மகன் கபடி ஆடுகிறான். மதுரையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கிறான். விளையாட்டுக்காகக் கிடைத்த இடம் அது. விடுதி உண்டு, சாப்பாடு உண்டு.

இப்போது ஒரு வம்பு வந்திருக்கிறது. பணம் கொடுத்து ஆட வைக்கும் ஓர் அணி அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு மாதம் போனால் கல்லூரியில் வருகைப் பதிவு குறைந்துவிடும். வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

"காலேஜை விட்டுவிடுகிறேன்" என்கிறான் மகன். "கை கால் போனால் யார் சோறு போடுவார்கள்?" என்று அழுகிறார் தாய்.

பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீங்க படிச்ச ஆளு. பேப்பர்ல எழுதுறவரு. நீங்களே சொல்லுங்க. பயலை விடலாமா, கூடாதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் கல்லூரியில் ஓடியவன்தான். நாலாவதாக வருவேன். எனக்கு யாரும் பணம் நீட்டவில்லை. ஆகவே இந்தச் சங்கடம் எனக்கு வந்ததில்லை!

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தக் கேள்வி வாடிப்பட்டியோடு நிற்கவில்லை. கடல் கடந்த அமெரிக்காவில் ஆண்டுதோறும் வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு இது.

அங்கே ஒரு கால்பந்து உண்டு. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பந்தும் உருண்டையாக இராது, உரித்த தேங்காய் போல இருக்கும். அந்த அணியின் மூளை 'குவார்ட்டர்பேக்' என்ற ஆட்டக்காரர். பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

கல்லூரியில் ஆடும் குவார்ட்டர்பேக்கைப் பணக்கார அணிகள் தூக்கிக்கொண்டு போகக் காத்திருக்கும். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அது ஆனதும் பையன் தவிப்பான். இன்னும் ஓராண்டு படித்துப் பட்டம் வாங்குவதா? இப்போதே போய்ப் பணம் வாங்குவதா?

மாட் லைனார்ட் என்ற ஆட்டக்காரர் 2004-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதைப் பெற்றார். அப்போதே போயிருந்தால் முதல் ஆளாக எடுத்திருப்பார்கள் என்று பேச்சு. அவர் போகவில்லை. கல்லூரியில் இன்னும் ஓராண்டு இருந்தார். அந்தப் பருவத்தில் அவர் படித்தது ஒரே ஒரு பாடம். அதுவும் நடனம்! 2006-ல் தேர்வுக்கு வந்தபோது 10-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 10-வது ஆளுக்குப் பணம் குறைவு.

ஆண்ட்ரூ லக் என்பவரும் 2011-ல் அதேபோல ஓராண்டு தங்கினார். கட்டட வடிவமைப்பில் பட்டம் வாங்கிக்கொண்டு போனார். 2012-ல் அவரை முதல் ஆளாகவே எடுத்தார்கள். ஆனால் அடிக்கு மேல் அடி. 2019-ல், 29 வயதில், "போதும்" என்று ஆட்டத்தை விட்டுவிட்டார். பட்டம் கையில் இருந்தது.

ஒருவர் தங்கி நஷ்டப்பட்டார். ஒருவர் தங்கியும் நஷ்டப்படவில்லை. இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

"அய்யா, அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன்" என்றேன். பெரியவர் மரத்தடியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

7 லட்சம் வேண்டாம்!

நாகர்கோவிலில் 1937-ல் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். டென்னிஸ் வீரர். தந்தை டி.கே. ராமநாதனே அவருக்குக் குரு.

சென்னை லயோலா கல்லூரியில் 'பெர்ட்ரம்' கோப்பைக்கான போட்டி நடக்கும். கல்லூரி மாணவர்கள் மட்டுமே ஆடலாம். கிருஷ்ணன் பள்ளிச் சிறுவன். தந்தை போய்க் கல்லூரி முதல்வரிடம் கேட்டார். முதல்வர் விசேஷ அனுமதி கொடுத்தார். 1951-ல் அந்தச் சிறுவன் கல்லூரிக் காளைகளை எல்லாம் வென்று கோப்பையை வாங்கினான். வயது 14!

1954-ல் இங்கிலாந்தில் விம்பிள்டன் சிறுவர் பட்டம். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான்.

1959-ல் அவருக்கு வயது 22. அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் கிரேமர், பணத்துக்கு ஆடும் டென்னிஸ் குழு ஒன்றை நடத்திவந்தார். ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். அவர் கிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

"மூன்று ஆண்டு என்னோடு ஆடு. 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தருகிறேன்!"

அன்றைய கணக்கில் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக, 7 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். பவுன் 100 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அந்தப் பணத்தில் 7,000 பவுனுக்கு மேல் வாங்கலாம்!

இதைக் கேட்டதும் பெரியவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"வாங்கிக்கிட்டாரா?"

"வேண்டாம் என்றுவிட்டார்."

காரணம் உண்டு. பணத்துக்கு ஆடப் போனவர்களுக்கு அந்நாளில் விம்பிள்டன் கதவு மூடப்பட்டிருந்தது. நாட்டுக்காக ஆடும் டேவிஸ் கோப்பையிலும் இடம் இல்லை. ஒரு தடவை போனால் போனதுதான். பணமா, நாடா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது போல. கிருஷ்ணன் நாட்டுப் பக்கம் நின்றார்.

1960-ல் விம்பிள்டன் அரை இறுதிக்கு வந்தார். 1961-லும் வந்தார். அந்த ஆண்டு கால் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனைத் தோற்கடித்தார். அரை இறுதியில் ராட் லேவரிடம் தோற்றார்.

அந்த லேவர் என்ன செய்தார் தெரியுமா? 1962-ல் உலகின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். பிறகு பணத்துக்கு ஆடப் போய்விட்டார். மூன்று ஆண்டுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர். நம் கிருஷ்ணனுக்கு நீட்டிய தொகை அதைவிடப் பெரிது!

1963 முதல் 1967 வரை ஐந்து விம்பிள்டன் போட்டிகளில் லேவருக்கு இடமில்லை. 1968-ல் விதி மாறியது. எல்லோரும் ஆடலாம் என்றார்கள். லேவர் திரும்பி வந்து அந்த ஆண்டே பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார்.

கிருஷ்ணன் விம்பிள்டன் பட்டத்தை வெல்லவே இல்லை. ஆனால் 1966-ல் கல்கத்தாவில் ஒன்று நடந்தது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் தலைக்கு இரண்டு வெற்றி. கடைசி ஆட்டம். எதிரே பிரேசிலின் தாமஸ் கோக். கிருஷ்ணன் 2-1 என்று பின்தங்கி இருந்தார். நான்காவது செட்டிலும் 5-2 என்று பின்னால். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் கதை முடிந்தது.

முடியவில்லை! அந்த செட்டை 7-5 என்று பறித்தார். கடைசி செட்டை 6-2 என்று முடித்தார். டேவிஸ் கோப்பையின் கடைசிச் சுற்றுக்கு இந்தியா முதன்முதலாகப் போனது அந்த ஆட்டத்தால்தான். 7 லட்சத்தை வாங்கியிருந்தால் அவர் அன்று கல்கத்தாவில் நின்றிருக்க முடியாது.

பின்னாளில் அவர் சென்னையில் சமையல் கேஸ் ஏஜென்சி நடத்தினார்.

இரண்டு குதிரைச் சவாரி

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவருக்கு அப்பா இருந்தாரு, நாடு இருந்துச்சு. எம்பயலுக்கு என்ன இருக்கு?"

கேட்டாரே ஒரு கேள்வி! இதைத்தான் பெரிய பெரிய கட்டுரைகள் எல்லாம் கேட்க மறந்துவிடுகின்றன.

படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பிடித்தவர்களும் உண்டு. வெங்கட்ராகவன் சென்னை கிண்டி கல்லூரியில் என்ஜினீயரிங் படித்தவர். 1965-ல் 19 வயதில் இந்தியாவுக்கு ஆடினார். அந்தத் தொடரிலேயே டெல்லியில் 12 விக்கெட் எடுத்தார். அஸ்வினும் என்ஜினீயர்தான். பட்டமும் வாங்கினார், டெஸ்ட்டில் 537 விக்கெட்டும் எடுத்தார்.

ஆனால் இவர்கள் நகரத்துப் பிள்ளைகள். மைதானமும் கல்லூரியும் வீடும் ஒரே ஊரில். வாடிப்பட்டிப் பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆகவே சக்கிமங்கலம் ரேவதியைப் பற்றிச் சொன்னேன். அந்த ஊர் இதே மதுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ரேவதி வீரமணிக்குச் சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இல்லை. பாட்டிதான் வளர்த்தார். வயல் வேலை, செங்கல் சூளை வேலை. "பெண் பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு" என்றார்கள் உறவினர்கள். பாட்டி காதில் வாங்கவில்லை.

பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டியிடம் போய்ப் பேசினார். முதலில் பாட்டி தயங்கினார். கண்ணன் விடவில்லை. மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார்.

கல்லூரி, விடுதிச் சாப்பாடு, மாலையில் பயிற்சி. அதன் பிறகு பாட்டியாலாவில் தேசிய முகாம். ரெயில்வேயில் வேலை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம்! அந்த நான்கு பேரில் மூன்று பேர் தமிழர்கள். அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் செங்கல் சூளைப் பாட்டியின் பேத்தி டோக்கியோவில் ஓடினாள்.

அமெரிக்காவில் ஆட்டத்துக்காகக் கல்லூரியை விடுகிறார்கள். இங்கே ஆட்டத்தால்தான் கல்லூரியே கிடைக்கிறது. விடுதியில் மூன்று வேளைச் சோறு சும்மாவா?

தாளில் என்ன எழுதியிருக்கிறது?

இதனால் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

கபடியில் பணம் வந்துவிட்டது. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. 2018 ஏலத்தில் மோனு கோயத் என்ற அரியானா வீரருக்கு 1 கோடியே 51 லட்சம் ரூபாய்! கோவில் திருவிழாவில் வெள்ளிக் கோப்பைக்கும் ஆட்டுக்கிடாய்க்கும் ஆடிய ஆட்டமா இது என்று கிராமமே மலைத்தது.

ஆனால் கோடி வாங்குபவர் சிலர். முகாமுக்குக் கூப்பிடப்படுபவர் பலர். முகாமுக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அணியில் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் அல்ல. இதைப் பையன்கள் கேட்கமாட்டார்கள். நண்பர்கள் அதற்குள் சுவரொட்டி அடித்துவிடுவார்கள்!

முழங்கால் ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன். மீண்டும் ஆட ஏறத்தாழ 9 மாதம். அந்த 9 மாதமும் அணி சம்பளம் கொடுக்குமா? ஆபரேஷன் செலவு யாருடையது? ஒப்பந்தத் தாளில் அது இருக்க வேண்டும். தாள் இங்கிலீஷில் இருந்தால் வக்கீலிடம் கொண்டுபோய்ப் படித்துக் கேட்க வேண்டும். வெட்கப்படக் கூடாது.

லீக் ஆண்டில் சில மாதம்தான். மிச்ச மாதங்களுக்கு ரெயில்வே, போலீஸ், வங்கி என்று ஒரு வேலை வேண்டும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். பட்டம் இருந்தால் அங்கே உயர்ந்த உத்தியோகம் கேட்கலாம்.

அதே சமயம், இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பட்டத்தை 35 வயதிலும் வாங்கலாம். மதுரைப் பல்கலைக் கழகம் 1970-களில் அஞ்சல் வழியாகப் பாடம் நடத்தியபோது, தபால்காரர் கொண்டுவந்த புத்தகத்தைப் படித்துப் பட்டம் வாங்கிய குமாஸ்தாக்களும் குடும்பப் பெண்களும் ஏராளம். கபடிக் கால் 35-ல் திரும்ப வராது. உண்மையான ஒப்பந்தம் கையில் வந்தால், தொகை தாளில் இருந்தால், மகனை நான் அனுப்புவேன். வெறும் முகாமுக்காகக் கல்லூரியில் பெயரை அடிக்கச் சொல்லமாட்டேன்.

"அப்ப முகாமுக்குப் போகக் கூடாதுங்கிறீங்க?"

"போகலாம் அய்யா. பெயரை அடிக்காமல் போகலாமா என்று கல்லூரி முதல்வரைக் கேளுங்கள். விளையாட்டுக்காக இடம் கொடுத்தவர்கள் அவர்கள். வருகைப் பதிவுக்கு வழி உண்டா, ஒரு பருவம் விட்டு எழுதலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். யாராவது கேட்டீர்களா?"

பெரியவர் விழித்தார்.

"கேக்கலையே! பயலும் கேக்கலை, நானும் கேக்கலை."

விசில் ஊதியது. ஆட்டம் முடிந்தது. மகன் செம்மண் ஒட்டிய முழங்கால்களோடு வந்தான். நல்ல உயரம். தந்தை மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவித்த முட்டை நான்கு. அம்மா கொடுத்து அனுப்பியது.

"திங்கக்கிழமை காலேஜுக்கு வர்றேன்டா. பிரின்சிபால் அய்யாவைப் பாக்கணும்" என்றார்.

"எதுக்குப்பா?" என்றான் மகன், வாயில் முட்டையோடு.

"பேசத்தான். நீயும் நில்லு பக்கத்துல."

இருவரும் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டார்கள்.