இந்திய விண்வெளிச் சங்கம்

இந்திய விண்வெளிச் சங்கம் (சுருக்கமாக இஸ்பா) என்பது இந்தியாவில் விண்வெளித் துறையிலும் செயற்கைக்கோள் தொலைத்தொடர்புத் துறையிலும் ஈடுபட்டுள்ள நிறுவனங்கள் ஒன்றுகூடி அமைத்த தொழில்துறை அமைப்பு ஆகும். இதன் தலைமையகம் புது தில்லியில் உள்ளது. இச்சங்கம் ஏவூர்திகளையோ செயற்கைக்கோள்களையோ உருவாக்குவதில்லை. அவற்றை உருவாக்கும் நிறுவனங்களின் கருத்துகளைத் திரட்டி, அரசிடமும் ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் எடுத்துரைப்பதே இதன் முதன்மைப் பணி.

தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள் புதியவை அல்ல. நூற்பாலைகளுக்காகக் கோயம்புத்தூரில் 1933இல் தோன்றிய தென்னிந்திய பஞ்சாலைகள் சங்கமும், பின்னலாடைத் தொழிலுக்காக 1990இல் தோன்றிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் இதே வகையைச் சேர்ந்தவை.

பின்னணி

இந்திய விண்வெளித் திட்டம் நெடுங்காலம் இந்திய விண்வெளி ஆய்வு மையத்தை (இஸ்ரோ) மட்டுமே மையமாகக் கொண்டிருந்தது. தனியார் நிறுவனங்கள் இஸ்ரோ கேட்ட உதிரிப்பாகங்களைச் செய்து கொடுத்தன. தாமே ஏவூர்தியை வடிவமைத்து ஏவுவதற்கு வழி இருக்கவில்லை. இந்நிலையில் ஒவ்வொரு நிறுவனமும் இஸ்ரோவுடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. பொதுவான கோரிக்கை என ஒன்று எழுவதற்கான தேவை குறைவாகவே இருந்தது.

2020ஆம் ஆண்டு சூன் மாதம் இந்திய அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. தனியாருக்கு இசைவு வழங்கவும் இஸ்ரோவின் வசதிகளைப் பகிர்ந்தளிக்கவும் இன்-ஸ்பேஸ் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. வணிகப் பணிகளுக்காக நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனம் 2019இலேயே தொடங்கப்பட்டிருந்தது.

இம்மாற்றத்தால் தனியார் நிறுவனங்களுக்கு அரசு ஒரே வேளையில் மூன்று நிலைகளில் அமைந்தது: இசைவு தருவது அரசு, சோதனைக் கூடங்களையும் ஏவுதளத்தையும் வைத்திருப்பது அரசு, பெரும் வாடிக்கையாளரும் அரசே. இத்தகைய அரசிடம் ஒரு சிறு நிறுவனம் தனியே குறைகூறத் தயங்குவது இயல்பு. அதே கருத்தைப் பல நிறுவனங்களின் பெயரால் சங்கம் கூறும்போது அத்தயக்கம் நீங்குகிறது.

தொடக்கமும் உறுப்பினர்களும்

சங்கத்தைப் பிரதமர் நரேந்திர மோதி 2021ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். லார்சன் அண்ட் டூப்ரோ, டாட்டா குழுமத்தின் நெல்கோ, ஒன்வெப், பாரதி ஏர்டெல், மேப்மைஇந்தியா, வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ், ஆனந்த் டெக்னாலஜீஸ் ஆகியவை நிறுவன உறுப்பினர்கள். லார்சன் அண்ட் டூப்ரோவைச் சேர்ந்த ஜெயந்த் பாட்டீல் முதல் தலைவராகவும், ஓய்வுபெற்ற படைத்துறை அதிகாரி அனில் குமார் பட் முதல் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றனர்.

செயற்படும் முறை

ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, சங்கம் உறுப்பினர்களின் கருத்துகளைத் தொகுத்து எழுத்து வடிவில் அளிக்கிறது. வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பு வரிச் சலுகைகள் பற்றிய கோரிக்கைகளை நிதி அமைச்சகத்துக்கு அனுப்புகிறது. கருத்தரங்குகள் நடத்துவதும் ஆய்வறிக்கைகள் வெளியிடுவதும் பிற பணிகள். எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துடன் இணைந்து 2022இல் இந்திய விண்வெளிப் பொருளாதாரம் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

உறுப்பினர்கள் தங்கள் சிக்கல்களைத் தெளிவாகத் தெரிவித்தால் மட்டுமே இம்முறை பயன்தரும். சோதனைக் கூடத்துக்காக எத்தனை மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது, எந்த உதிரிப்பாகத்துக்கு எவ்வளவு இறக்குமதி வரி செலுத்தப்பட்டது போன்ற விவரங்கள் நிறுவனங்களிடமே உள்ளன. அவை கிடைக்காதபோது சங்கத்தின் கோரிக்கை பொதுவான வேண்டுகோளாகவே நின்றுவிடும்.

கொள்கை மாற்றங்கள்

சங்கம் தோன்றிய பின் துறைக்குச் சாதகமான பல முடிவுகள் எடுக்கப்பட்டன. இவை சங்கத்தின் முயற்சியால் மட்டுமே நிகழ்ந்தவை எனக் கொள்ள முடியாது.

2023 ஏப்ரல்: இந்திய விண்வெளிக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.
2023 சூலை: செயற்கைக்கோள் ஏவும் சேவைக்கான சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு தனியாருக்கும் விரிவாக்கப்பட்டது.
2024 பிப்ரவரி: நேரடி அன்னிய முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன. அரசின் முன் அனுமதியின்றி, உதிரிப்பாக உற்பத்தியில் 100 விழுக்காடு வரையும், செயற்கைக்கோள் உற்பத்தியில் 74 விழுக்காடு வரையும், ஏவூர்தி மற்றும் ஏவுதளத் துறையில் 49 விழுக்காடு வரையும் முதலீடு செய்யலாம்.
2024 அக்டோபர்: விண்வெளித் துறைப் புதுத் தொழில் நிறுவனங்களுக்காக 1,000 கோடி ரூபாய் துணிகர முதலீட்டு நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது.

தாமிரபரணிப் பகுதியுடனான தொடர்பு

பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வழியாகப் பாய்ந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. விண்வெளித் துறையின் இரு முக்கிய இடங்கள் இவ்விரு மாவட்டங்களின் தென்பகுதியில் உள்ளன.

முதலாவது, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம். திரவ எரிபொருள் இயந்திரங்களும் கடுங்குளிர் இயந்திரங்களும் இங்குச் சோதிக்கப்படுகின்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஸ்கைரூட் நிறுவனம் முப்பரிமாண அச்சு முறையில் செய்த தன் ஏவூர்தி இயந்திரத்தை 2023 சூலையில் இங்குச் சோதித்தது. புதிய நிறுவனம் ஒன்று தானே இத்தகைய கூடத்தைக் கட்டுவது பெருஞ்செலவு ஆகும். எனவே அரசின் வசதிகளை எந்த விதியின்படி, என்ன கட்டணத்தில் பயன்படுத்தலாம் என்பது தனியார் நிறுவனங்களுக்கு உயிர்நாடியான கேள்வி.

இரண்டாவது, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அமையும் ஏவுதளம். இதற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறீஅரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையின் மேல் பறப்பதைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டும். அதனால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே ஏவலாம். இச்சிக்கனம் சிறிய ஏவூர்திகளுக்கே பெரிதும் உதவும். அத்தகைய சிறிய ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தைப் பெறும் ஏலத்தில் 2025 சூனில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தேர்வு பெற்றது.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழிற்கொள்கையை ஏற்றது. ஐந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை ஈர்ப்பது இதன் இலக்கு.

பாபநாசத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு ஆர்வி நிறுவனத்தார் நூற்பாலை நடத்தினர். ஆலை அருவியை நாடி வந்ததால் சுற்றுப்புற ஊர்களுக்கு வேலை கிடைத்தது. சோதனைக் கூடமோ ஏவுதளமோ அருகில் இருப்பதால் மட்டும் அவ்வாறு நிகழ்ந்துவிடாது. ஏவூர்திப் பாகங்களை எங்கு வேண்டுமானாலும் செய்து கொண்டுவர முடியும். இம்மாவட்டங்களின் பட்டறைகள் தரச் சான்று பெற்று, கொள்முதல் செய்யும் நிறுவனங்களுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டால்தான் பணி இங்கு வரும். அத்தொடர்புக்கு இத்தகைய சங்கங்கள் ஒரு வழியாக அமையலாம்.

வரம்புகள்

உறுப்பினர்களின் நலன்கள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் அரசின் பெரும் ஒப்பந்தங்களை நாடுகின்றன. புதிய நிறுவனங்களுக்கோ குறைந்த கட்டணத்தில் சோதனை வசதியும் முதல் வாடிக்கையாளரும் தேவை.

சங்கத்தின் நிலைப்பாடு பிற துறையினருடன் மோதுவதும் உண்டு. செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்க வேண்டும் என இச்சங்கம் கூறியது. ரிலையன்ஸ் ஜியோ ஏலத்தை வலியுறுத்தியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நிர்வாக முறைக்கே வழி செய்தது. இத்தகைய சங்கத்தின் கூற்றை வாசிப்போர், அது உறுப்பினர்களின் நலன் சார்ந்த கருத்து என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இந்திய விண்வெளி ஆய்வு மையம்
மகேந்திரகிரி
குலசேகரப்பட்டினம்
பாபநாசம், திருநெல்வேலி