செடிக்கும் ஒரு திருநாமம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நந்தவனம் அமைத்து, நாள்தோறும் பூமாலை தொடுத்துச் சமர்ப்பித்தவர் பெரியாழ்வார். அந்த நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில், ஓர் ஆடிப்பூர நாளில் கண்டெடுத்த பெண் குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். பெற்ற பிள்ளைகளுக்குப் பெருமாளின் திருநாமத்தையே சூட்டுங்கள் என்று தமது திருமொழியின் நாலாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதும் வற்புறுத்திப் பாடியவரும் அவரே. செடி வளர்த்த கையும், பெயர் சூட்டச் சொன்ன வாயும் ஒருவருடையவையே என்பது எண்ணி மகிழத்தக்கது.

பிள்ளைக்குப் பகவான் நாமத்தை இடுவதன் பயன் என்ன? ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாவது ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் கதை அதைக் கூறுகிறது. நெறி தவறி வாழ்ந்த அவன், தன் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயர் வைத்திருந்தான். உயிர் பிரியும் வேளையில், யமதூதரைக் கண்டு அஞ்சி அந்தப் பிள்ளையைக் கூவி அழைத்தான். அழைத்தது பிள்ளையை, வந்து காத்தவர்களோ விஷ்ணுதூதர்கள். பழக்கத்தால் நாவில் ஏறிய நாமம் தக்க தருணத்தில் துணை நின்றது.

அந்தப் பழக்கம் நம் இல்லங்களில் இன்று அருகிவிட்டது. “கோபாலா”, “சிவராமா”, “மீனாட்சி” என்று நாளுக்கு நூறு முறை ஒலித்த வீடுகளில் இப்போது முதியவர் இருவர் இருக்கிறார்கள். சில வீடுகளில் ஒருவர்தான். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பேரக்குழந்தைகளின் பெயர்கள் வேறு விதமாக மாறிவிட்டன. பெயர் சொல்லி அழைக்க ஆள் இல்லாத வீட்டில் திருநாமம் பூஜை அறையோடு நின்றுவிடுகிறது. ஆயினும் அதே வீட்டின் பால்கனியில் நாலு தொட்டிச் செடிகள், காலையும் மாலையும் நம் வரவுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினால் என்ன?

இறைவன் ஏற்ற பெயர்கள்

இது புதுமையான யோசனை அன்று. செடி கொடிகளை உறவாக எண்ணியது நம் மரபு. தான் விதைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த புன்னை மரத்தை மகளுக்குத் தமக்கை என்று அறிமுகம் செய்த ஒரு தாயை நற்றிணை நமக்குக் காட்டுகிறது. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தவன் பறம்புமலைப் பாரி.

ஆலயங்களில் இன்னும் ஒரு படி மேலே, இறைவனே மரத்தின் பெயரை ஏற்றிருக்கிறான். திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தால் ஜம்புகேஸ்வரர், காஞ்சியில் ஒற்றை மாமரத்தால் ஏகாம்பரநாதர், திருவைகாவூரில் வில்வவனேஸ்வரர். தில்லையும், திருவாலங்காடும், திருமுல்லைவாயிலும், திருப்பாதிரிப்புலியூரும் மரம் செடி கொடிகளின் பெயர் தாங்கிய ஊர்களே. ஆண்டவன் தாவரத்தின் பெயரைத் தரித்துக்கொண்டான் என்றால், நம் வீட்டுத் தாவரம் அவன் பெயரைத் தரித்துக்கொள்வதில் முறை தவறு ஏதுமில்லை.

திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வான், அதற்குத் தம் ஆசாரியரான ஸ்ரீராமாநுஜரின் பெயரையே சூட்டினார் என்பது குருபரம்பரை வழி நாம் அறிவது.

எந்தச் செடிக்கு எந்தப் பெயர்?

பெயர் சூட்டுவதில் சிறிது குறும்பும் கலந்திருந்தால் சுவை கூடும். செடியின் குணத்தைப் பார்த்துப் பெயர் தேடினால், நம் புராண இதிகாசங்கள் அள்ளி அள்ளித் தருகின்றன.

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் வீட்டு வழக்கம். மோரும் தயிரும் கேட்டு வளருகிற பிள்ளைக்குக் கண்ணன் என்பதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

சோற்றுக் கற்றாழை, கேட்டவர்க்கெல்லாம் தன் மேனியை அறுத்துக் கொடுக்கிறது. உடலோடு பிறந்த கவசத்தை அறுத்து இந்திரனுக்கு ஈந்த கர்ணனின் பெயர் அதற்கு உரியது. வரி வரியாகப் படமெடுத்தாற்போல் நிற்கும் பாம்புச் செடி ஆதிசேஷன். வெற்றிலைக் கொடி அனுமன். கம்பிக்குக் கம்பி தாவுவதோடு, அவருக்கு உகந்த மாலையையும் அது தருகிறது. நீல நிறச் சங்குபுஷ்பம் பாஞ்சசன்னியம். சிறு துண்டாக நட்டால் சில மாதங்களில் பால்கனியை அளந்துவிடுகிற பிரண்டை வாமனன்.

ஆண்டெல்லாம் உறங்கிக் கிடந்து, ஏதோ ஓர் இரவில் மட்டும் விழித்துப் பூக்கும் பிரம்மகமலத்தைக் கும்பகர்ணன் என்றால் யார் மறுப்பார்கள்? மணி பிளான்ட்டுக்குக் குபேரன் என்று பெயரிடவே பலருக்கும் தோன்றும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணியாற்றிய எனக்கு, அதற்குக் குசேலன் என்ற பெயரே பிடித்திருக்கிறது. யார் வீட்டிலிருந்தோ ஒரு கிள்ளாக வந்து, ஒரு சீசாத் தண்ணீரில் குறை சொல்லாமல் வாழ்கிறதே! குசேலரும் முடிவில் செல்வந்தர் ஆனவர்தாம் என்பதால், நம்பிக்கை உள்ளவர்களுக்கும் மனக்குறை வேண்டாம்.

துளசிக்கு மட்டும் நாம் பெயர் தேட வேண்டியதில்லை. அவள் ஏற்கெனவே பிருந்தை. விரும்பினால் கோதை என்று அழைக்கலாம்.

பெயர் செய்யும் வேலை

எங்கள் குடியிருப்பில் கணவரை இழந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். மகள் வீட்டுக்கு நான்கு மாதம் வெளிநாடு சென்றபோது, தம் செடிகளை எங்களிடம் ஒப்படைத்து ஒரு தாளையும் கொடுத்தார். “கண்ணனுக்கு வாரம் ஒரு முறை மோர். ஆதிசேஷனுக்குப் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் போதும். அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும். கர்ணனை வெயிலில் வையுங்கள்” என்று எழுதியிருந்தது. படித்துச் சிரித்தோம். ஆனால், பத்துத் தொட்டிகள் என்றிருந்தால் ஒருநாள் மறந்திருப்போம். கண்ணனுக்கு மோர் ஊற்ற மறக்க மனம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் சொன்னது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. “அவர் போன பிறகு, சில நாள் காலையிலிருந்து இரவு வரை நான் வாயே திறந்ததில்லை, சார். அப்புறம்தான் இவர்களுக்குப் பேர் வைத்தேன். இப்போது எழுந்ததும் கண்ணா என்று கூப்பிடுகிறேன். பதில் வராவிட்டால் என்ன, பகவானும்தான் பதில் பேசுவதில்லை!”

இன்னொரு நன்மையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும் பேரக்குழந்தையிடம் புதுச் செடியைக் காட்டி, “இதற்கு நீ ஒரு பெயர் வை” என்று சொல்லுங்கள். “கற்றாழை ஏன் கர்ணன், தாத்தா?” என்று அது கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும். மகாபாரதம் கடல் கடந்து போய்விடும்.

அபசாரம் ஆகாதா?

செடி வாடிவிட்டால்? கிளையை வெட்ட நேர்ந்தால்? தெய்வப் பெயரிட்ட ஒன்றை அப்படிச் செய்யலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. குழந்தைக்குப் பெயரிட்டவர்களும் அதை அதட்டவே செய்தார்கள், முடியும் இறக்கினார்கள். வளர்ப்பின் பொருட்டுச் செய்வது எதுவும் அபசாரம் ஆகாது. பட்டுப்போனால், நிர்மால்யத்தைப் போலக் கால்படாத இடத்தில் மண்ணோடு சேர்த்துவிடலாம். அடுத்த கன்று அதே பெயரைத் தாங்கட்டும். பாட்டனார் பெயரைப் பேரன் தாங்குவதில்லையா?

அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் அடியார்களின் பெயரைச் சூட்டலாம். திருப்புகலூரில் இறைவனுக்கு மலர்த்தொண்டு செய்த முருக நாயனாரின் பெயரை நந்தியாவட்டைக்கு இடலாம். அரங்கனுக்கு நந்தவனம் வைத்த தொண்டரடிப்பொடியாழ்வாரின் இயற்பெயரான விப்ரநாராயணரை மல்லிகைக்கு இடலாம். செருப்பு அலமாரிக்கு அருகில் அந்தத் தொட்டியை வைக்காதிருந்தால் போதும்.

முதலில் ஒரு செடியோடு தொடங்குங்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தொட்டிக்குச் சிறிது மஞ்சள் குங்குமம் இட்டு, தேர்ந்த பெயரை மூன்று முறை சொல்லி நீர் வாருங்கள். பெயரைச் சாக்பீஸால் தொட்டியின் மேல் எழுதிவைத்தால் நினைவுக்கு உதவும். பிறகு, தண்ணீர் விடும்போதெல்லாம் வாய்விட்டு அழையுங்கள். ஒரு செம்பு நீரில் செடிக்குத் தாகம் தீரும். ஒரு நாமத்தில் நமக்கும் தீரும்.